இடையில் நின்ற மாணவி: கிருபாபாய் சத்தியநாதனும் ‘சகுணா’ நாவலும்

பாடசாலை மலர் எதனைப் புரட்டினாலும் அதில் சில பட்டியல்கள் இருக்கும். அதிபர்கள், சங்கத் தலைவிகள், முதலாவது பட்டதாரி, முதலாவது வைத்தியர், முதலாவது சட்டத்தரணி என்று அவை நீளும். அவை இருக்கவேண்டியவையே. ஒரு பிள்ளை தன் பாடசாலையைப் பற்றிப் பெருமைப்பட அத்தகைய பெயர்கள் வேண்டும். ஆனால் பட்டியல் என்பது முடித்தவர்களை மட்டுமே எண்ணும். இக்கட்டுரை அப்படியான எந்தப் பட்டியலிலும் இடம்பெறமுடியாத ஒருவரைப் பற்றியது. அவர் 1878 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஓராண்டு படித்தார். நோயுற்று வெளியேறினார். பட்டம் எதுவும் பெறவில்லை. பத்தாண்டுகளுக்குள் ஒரு பெண்பிள்ளை கல்விக்கும் சுயாதீனத்துக்குமாகப் பட்ட பாட்டை நாவலாக எழுதினார். அந்த நாவல் ‘சகுணா’. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதலாவது சுயசரிதை நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர்.

இந்த நூலுக்கும் எமக்கும் ஓர் அண்மைத் தொடர்பும் உண்டு. நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்த கிருபாபாயின் இரு நாவல்களையும் பதிப்பித்து 1998 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் மூலம் மீண்டும் வாசகர் கைக்குக் கொண்டுவந்தவர் சாந்தனி லொக்குகே. இலங்கையிற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் கற்பித்த எழுத்தாளர் அவர்.

அகமதுநகரின் பிள்ளை

கிருபாபாய் 1862 ஆம் ஆண்டில் மராத்தி பேசும் அகமதுநகரிற் பிறந்தார். தந்தை ஹரிபந்த், தாய் ராதாபாய். பம்பாய் மாகாணத்தில் கிறிஸ்தவராக மாறிய முதற் பிராமணக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பதினான்கு பிள்ளைகளில் இவர் பதின்மூன்றாவது. அகமதுநகரில் ஊழியஞ் செய்தது அமெரிக்க மிஷன். பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதே சபைதான் 1813 இல் பம்பாய்க்கும் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கும் மிஷனரிமாரை அனுப்பியது. வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று நாம் அறிந்த ஊர்களில் நடந்தவற்றுக்கு ஒத்த விடயங்கள் அகமதுநகரிலும் நடந்துகொண்டிருந்தன: ஒரு பாடசாலை, ஓர் அச்சுக்கூடம், மதம் மாறிய சில குடும்பங்கள், அக்குடும்பங்களைச் சூழ்ந்த உறவினரின் கோபமும் கண்ணீரும்.

தந்தை இவர் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாயுடன் சேர்ந்து இவரது படிப்பைக் கவனித்தவர் தமையன் பாஸ்கர். தான் படித்தவற்றைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்து, அவளுடன் விவாதித்து, அவளும் ஏதேனும் பெரிதாகச் செய்யவேண்டியவள் என்ற எண்ணத்தை மனதில் விதைத்தவர் அவர்தான். அவரும் இளவயதிலேயே காலமானார். அந்த இழப்புக்குப் பின்னர் கிருபாபாய் இரு ஐரோப்பிய மிஷனரிப் பெண்களின் பொறுப்பில் விடப்பட்டார். பின்பு பம்பாயில் பெண்கள் பாடசாலையொன்றிற் படித்தார். பெண்ணும் வைத்தியராகலாம் என்ற எண்ணம் அங்குதான் அவருக்குள் உறுதிப்பட்டது. இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசிலும் கிடைத்தது. ஆனால் உடல்நிலை அந்தப் பயணத்துக்கும் அந்தக் குளிருக்கும் தாங்காது என்று வைத்தியர்கள் தடுத்துவிட்டனர்.

கதவு திறந்திருந்த கல்லூரி

அவருக்கு அப்போது ஒரு மாற்றுவழி இருந்தது. அது அக்காலத்தில் ஐரோப்பாவிற்கூட அரிதாக இருந்த வழி. பிரித்தானியாவில் 1869 இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான பெண்கள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தனர். 1870 இல் அவர்கள் உடற்கூற்றியற் பரீட்சைக்குச் சென்றபோது ஆண் மாணவர் கூட்டம் வாயிலை மறித்துச் சேறு வீசியது. கடைசியில் அப்பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டமும் கொடுக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878 இற்றான்.

சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875 ஆம் ஆண்டிலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் தொழில்புரிந்த சட்டத்தரணி ஒருவரின் மனைவியான அவர், ஆண் வைத்தியரிடம் செல்லமுடியாமற் பிரசவத்தில் இறந்துபோன பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மருத்துவம் படிக்க விரும்பினார். சத்திரசிகிச்சைத் தலைமை அதிகாரியாக இருந்த எட்வர்ட் பல்போர் அதற்கு ஆதரவளித்தார். ஷார்லீப் 1878 இல் படிப்பை முடித்தார். பின்னர் இலண்டனிற் பட்டம்பெற்றுத் திரும்பி, வெளியே வராத குலப்பெண்களுக்காக 1885 இல் சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கப்படக் காரணமானார்.

ஷார்லீப் படித்து முடித்த ஆண்டிலேயே கிருபாபாய் அக்கல்லூரியிற் சேர்ந்தார். வயது பதினாறு. மொழி தெரியாத ஊர். தங்குவதற்கு அவருக்குக் கிடைத்தது சிந்தாதிரிப்பேட்டையில் ஊழியஞ் செய்த அருட்திரு டபிள்யூ. ரி. சத்தியநாதனின் இல்லம். முதலாண்டு முடிவில் இரசாயனம் தவிர்ந்த ஏனைய பாடங்கள் அனைத்திலும் அவருக்கே பரிசு கிடைத்தது. 1879 இல் உடல் நொறுங்கியது. பூனாவில் இருந்த தமக்கையின் வீட்டுக்குத் திரும்பினார். மருத்துவப் படிப்பு அத்துடன் முடிந்தது.

படிப்பினால் வந்த நோயா?

அந்த நாளில் இவ்வாறான ஒரு பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். எங்கள் ஊரும் அதைத்தான் சொல்லியிருக்கும். “பொம்பிளைப் பிள்ளைக்கு உவ்வளவு படிப்பு என்னத்துக்கு?” என்ற கேள்வியின் பின்னால் எப்போதும் ஒரு பயமுறுத்தலும் இருந்தது: கனக்கப் படித்தால் மூளை கலங்கும், உடம்பு பழுதாகும், பிள்ளை பெறமுடியாமற் போகும்.

இதனைப் படியாத சனத்தின் பேச்சு என்று ஒதுக்கிவிடமுடியாது. அப்போதைய மருத்துவமே அதைத்தான் சொன்னது. ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் 1873 இல் வெளியிட்ட நூலொன்றில், வளரும் பருவத்தில் ஆண்பிள்ளைகளைப் போலப் படிக்கும் பெண்பிள்ளைகளின் உடலிலுள்ள சக்தி மூளைக்கே செலவாகிவிடுகிறது, அதனால் கருப்பையும் சூலகமும் வளர்ச்சி குன்றுகின்றன என்று வாதிட்டார். ஒருசில நோயாளிகளின் கதைகளைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் இருக்கவில்லை. அந்நூல் பல பதிப்புகளைக் கண்டது. அதற்குச் சரியான பதிலைத் தந்தவரும் ஒரு பெண் வைத்தியரே. மேரி பட்னம் ஜக்கோபி பெண்களிடம் வினாக்கொத்து மூலம் தகவல் திரட்டினார். நாடித்துடிப்பு முதலியவற்றை அளந்தார். மாதவிடாய்க் காலத்திற் பெண்ணுக்குக் கட்டாய ஓய்வு வேண்டும் என்பதற்கு அடிப்படை இல்லை என்று காட்டினார். 1876 இல் ஹார்வர்டின் பொயில்ஸ்ரன் பரிசே அந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நோயாளியை இங்கிருந்து பரிசோதிக்க எந்த வைத்தியராலும் இயலாது. ஆனால் கிருபாபாயின் பிற்கால வாழ்க்கையிற் கசநோய் கண்டறியப்பட்டது என்பது தெரிந்த செய்தி. கசநோய்க் கிருமியை றொபேட் கொக் உலகுக்கு அறிவித்தது 1882 இல். அதனைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943 இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயின் காரணம் தெரிந்திருந்தது, மருந்து இருக்கவில்லை. மலைக்காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவற்றைத் தவிர வைத்தியரிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லாத காலம் அது. கிருமி புத்தகம் படிப்பவளைத் தேடிப் பிடிப்பதில்லை. அதே ஆண்டுகளில் எழுத்தறியாத எத்தனையோ இளம் பெண்கள் அடுப்படியிலும் வயலிலும் ஆலையிலும் அதே நோயால் இறந்தார்கள். அவர்களின் நோய்க்கு யாரும் வேலையைக் குற்றஞ் சொல்லவில்லை, பாலிய விவாகத்தையும் குற்றஞ் சொல்லவில்லை. படித்தவள் நோயுற்றால் மட்டுமே படிப்புக் குற்றவாளியாயிற்று.

இதற்கு இன்னொரு சான்று ஆனந்திபாய் ஜோஷி. மராத்திப் பெண்ணான அவர் 1886 இல் பிலடெல்பியாவிற் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். நாடு திரும்பிச் சில மாதங்களில், 1887 பெப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையுமுன்னரே கசநோயால் இறந்தார். அவர் முடித்தவர், கிருபாபாய் முடிக்காதவர். முதலாமவரின் பெயர் எல்லாப் பட்டியல்களிலும் உண்டு. இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய்தான்.

நாவலும் அது சொல்வதும்

கிருபாபாய் உடல் தேறிச் சென்னைக்கு மீண்டும் வந்தார். அந்த இல்லத்தின் மகன் சாமுவேல் சத்தியநாதனை 1881 இல் மணந்தார். சாமுவேல் கேம்பிரிட்ஜிற் படித்தவர். உதகமண்டலத்தில் பிறீக்ஸ் நினைவுப் பாடசாலையின் தலைமையாசிரியரானார். மருத்துவம் கைகூடாத கிருபாபாய் அங்கு சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் சிறுமிகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். வேறு பெண்கள் பாடசாலைகளிலும் கற்பித்தார். ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற புனைபெயரிற் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதத் தொடங்கியதும் அங்கேதான். பின்பு இராஜமுந்திரி, கும்பகோணம் என்று கணவரின் உத்தியோகத்துடன் ஊர் மாறி, 1886 இற் சென்னைக்கு வந்தனர். 1887 தொடக்கம் 1888 வரை ‘சகுணா’ சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையிற் தொடராக வெளிவந்தது.

நாவல் சகுணாவுடன் தொடங்கவில்லை, அவளது தாய் ராதாவுடன் தொடங்குகிறது. சிறுமியாக மருமகளாய் வந்து, மாமியார் வீட்டில் வேலை செய்து வளர்ந்தவள் ராதா. கணவன் மதம் மாறியபோது அவளிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. கணவனின் பின்னே போகவேண்டியிருந்தது. போன இடத்திலும் அவள் நெடுநாள் தன் ஆசாரத்தை விடாமல் தனித்தே இருந்தாள். மகளின் கல்விப் போராட்டத்தை எழுத வந்தவர் தாயின் மௌனப் போராட்டத்தை முதலில் எழுதியது தற்செயலானதன்று. ராதாவுக்குக் கிடைக்காத எது சகுணாவுக்குக் கிடைத்தது என்பதை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அந்த ஒழுங்கு.

பின்னர் சகுணாவின் குழந்தைப் பருவம் வருகிறது. தமையன்மாருடன் சேர்ந்து படிக்கும் ஆவல், பெண்ணுக்கு எதற்கு இது என்னும் ஏளனம், கற்பித்த தமையனின் மரணம், வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களுடனான வாழ்க்கை, பம்பாய்ப் பாடசாலை, மருத்துவம் என்ற கனவு, சென்னை, நோய், கடைசியில் திருமணம். ஆசிரியரின் வாழ்க்கையே பெயர்களை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

இந்த நாவலை நல்ல பிள்ளைகளுக்கான போதனைக் கதை என்று தள்ளிவிடமுடியாமற் செய்வது அதன் கூர்மையான பார்வை. தமக்கு உதவியவர்களையும் சகுணா கவனித்துப் பார்க்கிறாள். அன்பாயிருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணியின் பேச்சிலும் தன்னை ஒருபடி கீழே வைக்கும் தொனி எங்கே வருகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. மறுபுறத்தில், உடையிலும் மேசையிலும் வெள்ளைக்காரரைப் பின்பற்றிக்கொண்டு சொந்தச் சனத்தை இகழும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அவளது நகைப்புக்குத் தப்பவில்லை. வசதியான வரன் ஒன்று வரும்போது அதை மறுக்கும் துணிவும் அவளுக்கு இருக்கிறது. திருமணமே வேண்டாம் என்பது அவளது கொள்கையல்ல. தன்னைத் தனக்குச் சமமாக நினைக்காதவனுடன் வாழ்வு வேண்டாம் என்பதே அவளது நிலை. சுயாதீனம் என்ற சொல்லுக்கு இந்நூல் தரும் பொருள் அதுதான்: உதவியை நன்றியுடன் ஏற்பது, ஆனால் உதவியவருக்குத் தன் புத்தியை ஒப்படைக்காமல் இருப்பது.

தொடர் வெளிவந்த நாட்களிற் கிருபாபாய்க்கு ஒரு குழந்தை பிறந்து, ஓராண்டு நிறையுமுன் இறந்தது. அந்தத் துயரம் அவரை ஆழ்ந்த மனச்சோர்விற் தள்ளியது. அதற்கான சிகிச்சையின்போதுதான் கசநோய் கண்டறியப்பட்டது. எஞ்சிய நாட்கள் அதிகமில்லை என்று தெரிந்த பின்னர் அவர் இரண்டாவது நாவலான ‘கமலா’வை எழுதினார். பாலிய விவாகத்திற் சிக்கிய, படிப்பில் ஆசை கொண்ட ஓர் இந்துப் பெண்ணின் கதை அது. 1894 இல், முப்பத்திரண்டாவது வயதில், அவர் காலமானார். இரு நாவல்களும் நூலுருப்பெற்றதோடு, மிகவிரைவிலேயே தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன.

தாங்கிய வீடுகள்

பெண்கல்வியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதுகிறோம். எந்த ஆண்டு எந்தப் பாடசாலை, யார் நிறுவினார், எந்த ஆண்டு கல்லூரி பெண்களை ஏற்றது. கிருபாபாயின் கதையில் அதைவிட முக்கியமாகத் தெரிபவை வீடுகள். ஒரு கதவு திறப்பதற்கும் ஒரு பிள்ளை அதனூடாக நடந்து போவதற்கும் இடையில் ஒரு வீடு இருக்கிறது. தமையன் பாஸ்கரின் அறை, மிஷனரிப் பெண்களின் வீடு, நோயுற்றபோது ஏற்ற தமக்கையின் வீடு, சென்னையிற் சத்தியநாதன் இல்லம். இவற்றில் ஒன்று இல்லாமற் போயிருந்தாலும் அந்தப் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

சத்தியநாதன் இல்லத்தின் தலைவி அன்னாள் சத்தியநாதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போகமுடியாது. தென்னிந்தியாவின் முதற் சுதேச அங்கிலிக்கன் குருவான ஜோன் தேவசகாயத்தின் மகள் அவர். தாமே நன்கு படித்த தமிழ்ப் பெண். சென்னையிற் பெண்பிள்ளைகளுக்கான பகற் பாடசாலைகளை நடத்தினார். வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களுக்கு வீடுகளுக்கே சென்று கற்பிக்கும் வேலையையும் செய்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ‘நல்ல தாய்’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். மராத்தி பேசும் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி சென்னையில் வந்து ஆண்கள் நிறைந்த கல்லூரியிற் படிக்க முடிந்ததற்கு அந்த வீட்டின் கதவும் ஒரு காரணம். மாமன் மாமி இருவரது வாழ்க்கை வரலாற்றையும் கிருபாபாய் பின்னர் எழுதிவைத்தது அந்த நன்றியின் அடையாளமென்றே கொள்ளலாம்.

எமது மண்ணில்

யாழ்ப்பாணத்திலும் பெண்கல்வி ஒரு வீட்டைப் போலவே ஆரம்பித்தது. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் தொடங்கியது விடுதிப் பாடசாலை. உணவும் உடையும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்கவேண்டியிருந்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. படித்த பெண்ணை யார் எடுப்பார் என்ற பெற்றோரின் பயத்துக்கு மிஷனரிமார் கண்ட பதில் அது. இன்று நாம் சிரிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருக்கப் புத்தகத்தைவிட வேறு பலவும் வேண்டும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். 1896 இற் சுண்டிக்குளி, 1913 இற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரி என்று பின்னர் வந்த பெண்கள் கல்லூரிகளும் விடுதியை மையமாகக் கொண்டே வளர்ந்தன.

மருத்துவக் கல்வியின் கதை வேறு. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். உடற்கூற்றியலும் இரணவைத்தியமும் தமிழிற் புத்தகங்களாயின. இது தமிழ் மருத்துவ வரலாற்றிற் பெருஞ்சாதனை. ஆனால் அவரது மாணவர் அனைவரும் ஆண்களே. சென்னை 1875 இற் திறந்த கதவைக் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இற் திறந்தது. 1898 இல் இணுவிலிற் பெண்களுக்கென்று மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கான பணத்தைத் திரட்டியவர்கள் மேரி, மார்கிரட் லீச் சகோதரிகள். அதனைப் பெண் வைத்தியர்களே நடத்தினர். பிள்ளைப்பேற்றுக்கு ஆண் வைத்தியரிடம் செல்ல அஞ்சிய எமது பாட்டிமாருக்கு அந்த இடம் என்னவாக இருந்தது என்பதை இணுவிலைச் சூழ்ந்த ஊர்களிற் பிறந்தவர்கள் அறிவர்.

எழுத்திலும் எமக்கு ஒரு முன்னோடி உண்டு. யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவரின் முதல் நாவல் அது. படித்த பெண் ஒருத்தி திருமணத்துக்குள் என்ன ஆனாள் என்ற கேள்வியை அவர் தமிழிற் கேட்டார்.

1945 இன் இலவசக் கல்வி இந்தக் கதையை மாற்றியது. கட்டணம் என்ற தடை விழுந்தது. இன்று எமது மருத்துவ பீடங்களிற் பெண்கள் பெருந்தொகையினர். ஷார்லீப்புக்கும் கிருபாபாய்க்கும் நம்பமுடியாத காட்சி அது.

முடிக்காதவர்களின் பெயர்கள்

ஆயினும் ‘சகுணா’வை வாசித்து மூடியபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் முடித்தவர்கள் அல்லர். நான் படித்த காலம் போர்க்காலம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மீண்டும் பாடசாலை கூடியபோது வகுப்பில் வெறும் கதிரைகள் இருந்தன. சிலர் வன்னியிலேயே நின்றுவிட்டனர். சிலருக்குப் பயத்திற் பதினாறு, பதினேழு வயதிற் திருமணம் நடந்தது. சிலர் தகப்பனை இழந்து தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நின்றனர். சிலர் இல்லாமலே போயினர். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தவளும் அவர்களில் ஒருத்தி. அவள் படித்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் வைத்தியர் அவளாகவும் இருந்திருக்கலாம். வரவு இடாப்பிற் சிவப்புக் கோடு ஒன்றுடன் அவர்களின் பெயர்கள் முடிந்தன.

அவர்கள் எமது பழைய மாணவிகளே. ஐந்து வருடம் படித்தவளும் பதின்மூன்று வருடம் படித்தவளும் ஒரே தேவாரத்தையோ கீதத்தையோ ஒரே முற்றத்தில் நின்று பாடியவர்கள். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு வர அவர்களிற் பலர் கூச்சப்படுகிறார்கள். “நான் என்னத்தைச் சொல்லுறது, நான் இடையில விட்டனான்” என்று மருத்துவமனை வரிசையில் நின்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களிற் பலர் தங்கள் பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்துவிட்டார்கள். அன்னாள் சத்தியநாதன் செய்ததைத் தங்கள் சிறு வீடுகளில் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரியின் பட்டதாரிப் பட்டியலில் இல்லாத கிருபாபாயின் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், உதகமண்டலத்தில் அவர் தொடங்கிய பாடசாலையில் இருக்கிறது, இரண்டு நாவல்களில் இருக்கிறது, அவற்றை நூறாண்டு கழித்து மீட்டெடுத்த இலங்கைப் பெண்ணின் உழைப்பில் இருக்கிறது. படிப்பு இடையில் நின்றது, படித்தது நிற்கவில்லை.

நூற்றாண்டைக் கொண்டாடும் எமது சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். முதலாவது, ஒவ்வொரு வகுப்புத் தொகுதியினரும் தம்முடன் படித்து இடையில் நின்றவர்களைத் தேடி, அவர்கள் சம்மதித்தால் அவர்களின் பெயரையும் கதையையும் எழுதிவைக்கவேண்டும். அவர்கள் இருக்கும்போதே இது செய்யப்படவேண்டும். பழைய வரவு இடாப்புகளிற் பல போரில் அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பது எமது ஞாபகம் மட்டுமே. வன்னியிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, இன்று படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. கட்டடத்துக்கும் பரிசளிப்புக்கும் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிபவை, பெயர்ப்பலகை வைக்கக்கூடியவை. ஒரு பிள்ளை இடையில் நிற்காமற் காப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறு செலவுகள்: காலைச் சாப்பாடு, பஸ் காசு, தூரத்துப் பிள்ளைக்கு விடுதிக் கட்டணம், மாதவிடாய் நாட்களில் வீட்டில் நிற்காமல் இருக்க ஒரு துப்புரவான அறை, மூன்று கிழமை இருமும் பிள்ளையைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப ஓர் ஆசிரியரின் கவனம். கசநோய் இன்றும் எமது நாட்டில் இருக்கிறது. இன்று அதற்கு ஆறு மாத மருந்து இருக்கிறது, அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். கிருபாபாய்க்குக் கிடைக்காத அந்த மருந்து எமது பிள்ளைக்கு நேரத்துக்குக் கிடைக்கவேண்டுமானால் அவளை யாராவது ஒருவர் கவனித்திருக்கவேண்டும்.

இவற்றைச் சேர்த்துக் கவனிக்கும் சிறு நிதியொன்றை இந்த நூற்றாண்டு நினைவாகத் தொடங்கலாம். அதற்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு இடாப்பிற் சிவப்புக் கோடுகள் குறைந்திருந்தால் அதுவே போதுமான கணக்கு.